கடைசிப் படகுக்கு முன்

சென்னை சென்ட்ரலில் காலை ஏழு மணிக்குப் புறப்படும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கூடூரை எட்டுவதற்குள் தெரிந்துவிடுகிறது, பெட்டியில் பாதிப்பேர் வைத்தியம் முடித்து வீடு திரும்புகிறவர்கள் என்று. கொக்கியில் தொங்கும் துணிப்பைக்குள்ளிருந்து எக்ஸ்ரே உறை எட்டிப் பார்க்கும். மடியில் பிளாஸ்டிக் கோப்பு இருக்கும். வேலூர் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்து இல்லாத லாட்ஜ் பலகை அபூர்வம். வங்காளிகளுக்காகவே மீன் குழம்பு வைக்கும் மெஸ்கள் அங்கே உண்டு. நோயோடு தெற்கே வந்து, கோப்போடு வடக்கே போகிறவர்களின் வண்டி இது.

என் எதிர் இருக்கையில் ஒரு பெரியவரும் அவர் மகனும். பெரியவர் எலும்பும் தோலுமாக இருந்தார். மகன் ஸ்ரீபெரும்புதூரில் கட்டட வேலை பார்த்தவன், நல்ல தமிழ் பேசினான். ஊர், கேனிங் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம், சுந்தரவனத்து ஓரம். “பாபாவுக்கு நாலு மாசமா காய்ச்சல், அண்ணா. கடைசில வேலூர்லதான் டி.பி.ன்னு சொன்னாங்க” என்றபடி கோப்பை நீட்டினான்.

அந்தக் கோப்பைப் பிரித்த கையோடு நான் ஒரு காகிதத்தில் வரிசை எழுதினேன். முதல் சீட்டில் அசித்ரோமைசின், மூன்று நாள். அடுத்ததில் செஃபிக்ஸிம், ஐந்து நாள். அதற்கடுத்து ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. பிறகு செஃப்ட்ரியாக்சோன் ஊசி. பிறகு லீவோஃப்ளாக்சசின். ஐந்து சீட்டு, ஐந்து கையெழுத்து. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிந்ததற்கான தடயமே அதில் இல்லை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் நாலைந்து நாள் காய்ச்சல் தணிந்து, மறுபடி வந்திருக்கிறது. ஆஃப்லாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்குக் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கி வைக்கும் குணம் உண்டு. நோய் ஒளிந்துகொள்ளும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். பெரியவரின் நாலு மாதம் அப்படித்தான் போயிருந்தது.

நான் கொல்கத்தாவுக்குக் கிளம்பிய காரணமும் இப்படி ஒரு காகிதம்தான். போன வருடம் என் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்கள் வரிசையாக நின்றன. பெரும்பாலானவற்றுக்கு எதிரே ‘ஆர்’ என்ற எழுத்து. அந்தக் கிருமி இந்த மருந்துக்கு மசியாது என்று அர்த்தம். மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டியது, ஏழு நாள் ஊசியில் தீர்ந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் சாதாரண சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் அம்மா விழுங்கிய ‘பவர் மாத்திரை’களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

எந்தக் காய்ச்சலுக்கு எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், இல்லை ஒன்றுமே வேண்டாமா என்று முடிவெடுக்கும் கிராமத்து டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு கணினி துணை நிற்க முடியுமா? இந்தக் கேள்வியோடு ஊர் சுற்றுவதென்றால் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான நகரம் எனக்குத் தோன்றவில்லை. தொற்றுநோய் மருத்துவத்தின் பெரிய பக்கங்கள் பல எழுதப்பட்ட ஊர் அது. அந்த நகரத்திலிருந்து அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில், படகு நின்றால் வைத்தியமும் நின்றுவிடும் தீவுகள் இருக்கின்றன.

*

மறுநாள் முற்பகல் ஷாலிமாரில் இறங்கி, வித்யாசாகர் சேதுவின் மேல் ஹூக்ளியைக் கடந்தேன். எதிர் இருக்கைத் தம்பியும் அவன் பாபாவும் சியால்டாவுக்குப் போனார்கள். “வியாழக்கிழமை ஊருக்கு வாங்க, அண்ணா. அன்னிக்குப் பாபாவை ஆஸ்பத்திரியில காட்டணும்” என்று சொல்லிப் படகுத்துறையின் பெயரை எழுதிக் கொடுத்தான்.

முதலில் போனது காலேஜ் தெருவின் மருத்துவக் கல்லூரிக்கு. 1835 ஜனவரி 28 அன்று தொடங்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 2 அன்று, நம் சென்னை மருத்துவக் கல்லூரி. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பக்கத்திலேயே சித்தரஞ்சன் அவென்யூவில் லெனார்ட் ரோஜர்ஸ் முயன்று கொண்டுவந்த வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. தெற்கே எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை, 1898-ல் ரொனால்ட் ராஸ் பறவை மலேரியாவைக் கொசு வழியே தொடர்ந்து பிடித்த இடம். சியால்டாவுக்கு அருகே, இன்று நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியாக இருக்கும் வளாகத்தில், உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமைனைக் கண்டுபிடித்துக் காலா அசாரை மடக்கினார். மருத்துவக் கல்லூரியின் சம்பு நாத் தே 1959-ல், காலரா கொல்வது அந்தக் கிருமி சுரக்கும் நஞ்சால் என்று முயலின் குடலைக் கொண்டு காட்டினார்.

இத்தனை அறிவும் ஒரு சில கிலோமீட்டர் வட்டத்துக்குள். அதே வட்டத்துக்குள்தான் படாபஜாரை ஒட்டிய கேனிங் தெருவும் இருக்கிறது. அங்கே பாக்ரி மார்க்கெட், மேத்தா பில்டிங் என்று மருந்து மொத்த வியாபாரக் கட்டடங்கள். பாக்ரி மார்க்கெட் 2018 செப்டம்பரில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. நான் போன பிற்பகலில் அந்தத் தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. அட்டைப்பெட்டிகளைத் தலையில் அடுக்கிய சுமைக்காரர்கள் “தேக்கே, தேக்கே” என்று வழி கேட்டுப் பாய்கிறார்கள். பெட்டிகளின் மேல் மாவட்டங்களின் பெயர்கள்: பீர்பூம், நதியா, தெற்கு 24 பர்கானாக்கள்.

பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த அட்டையில் சிவப்புக் கோடு இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதே என்பதற்கான கோடு. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, விற்பனைக் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் எச்-1 பட்டியலும், அதன் பிறகு வந்த சிவப்புக் கோட்டுப் பிரசாரமும் சட்டத்தால் செய்ய முடிந்த வேலை. அந்தக் கோடு கேனிங் தெருவிலிருந்து கேனிங் என்ற ஊருக்குப் போகும்போது என்னவாகிறது என்று பின்னால் பார்த்தேன்.

*

மூன்றாம் நாள் பேலியாகாட்டா. தொற்றுநோய் மருத்துவமனையும், 1962-ல் காலரா ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி நைசெட் என்ற பெயரில் உலகம் அறிந்த ஐ.சி.எம்.ஆர். நிறுவனமும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. நைசெட்டின் பெயர் அண்மையில், பாக்டீரியத் தொற்றுகளுக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனம் என்று மாறியிருக்கிறது. காலராவுக்கென்று பிறந்த நிறுவனம், எல்லா பாக்டீரியத் தொற்றுகளுக்கும் என்று தன் பெயரையே விரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கான காரணம் நாட்டிலேயே இருக்கிறது. ஏறக்குறைய எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளுக்கு வழி திறக்கும் என்.டி.எம்-1 நொதியின் பரவலை 2010-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் எழுதிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இரண்டே ஆண்டுகளில், 2012-ல், மருத்துவர் அப்துல் கஃபூரின் முயற்சியில் ‘சென்னைப் பிரகடனம்’ வந்தது. 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பின்னர் வந்த கணக்கு.

நகரத்தில் பணிபுரியும் நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவரைத் தெருமுனை டீக்கடையில் சந்தித்தேன். மண் குவளையில் சா. அவர் விரல்விட்டுச் சொன்ன கணக்கு எளிமையானது. நோயாளியின் ரத்தத்தையோ சிறுநீரையோ எடுத்து, கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க இரண்டு, மூன்று நாள் வேண்டும். டாக்டரின் எதிரே உட்கார்ந்திருக்கும் காய்ச்சல்காரருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் உலகத்தில் எழுதப்படும் முதல் ஆன்டிபயாடிக் சீட்டுகளில் பெரும்பாலானவை ஊகம்தான். நல்ல ஊகத்துக்கு இரண்டு துணை வேண்டும். ஒன்று, இந்த நோய்க்கு முதலில் எது என்ற வழிகாட்டி. மற்றொன்று, இந்த வட்டாரத்துக் கிருமிகள் இப்போது எதற்கு மசிகின்றன என்ற பட்டியல். அதை ஆன்டிபயோகிராம் என்கிறார்கள். பெரிய மருத்துவமனைக்கு இரண்டும் உண்டு. “தீவில் இருப்பவருக்கு?” என்று கேட்டேன். “அவருக்கு என் தொலைபேசி எண் உண்டு” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பிறகு அவரே திலீப் மஹலனாபிஸின் கதையை எடுத்தார். 1971. வங்கதேசப் போரில் எல்லை தாண்டிய அகதிகளிடையே காலரா. பொங்காவ் மருத்துவமனையின் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மஹலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா மாவு என்று அளந்து, பொட்டலம் கட்டி, பீப்பாய்களில் கரைத்து வைத்தார். அள்ளிக் கொடுத்தவர்கள் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். முகாமில் 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு, கரைசல் கொடுத்த இடத்தில் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. அவர் 2022-ல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

“அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது உப்பு மட்டும் இல்லை, ஒரு முடிவும் இருந்தது” என்றார் மருத்துவர். எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்று யோசிக்கிற வேலையைக் கொல்கத்தாவில் செய்து முடித்து, கொடுக்கிற வேலையை மட்டும் தாயின் கையில் விட்டார்கள். நான் தேடி வந்த கணினித் துணைக்கு மூத்தது இந்தப் பொட்டலம்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

*

சியால்டாவில் வடக்குப் பகுதி ரயில் பொங்காவுக்கும் தெற்குப் பகுதி ரயில் கேனிங்குக்கும் போகின்றன. வியாழன் விடியலில் தெற்கே போனேன். லோக்கல் ரயிலில் ஜால்முரிக்காரர் கடுகெண்ணெய் வாசத்தோடு கூட்டத்தைப் பிளந்து வந்தார். எதிர்த் திசை வண்டிகளில் கேனிங் பக்கத்துப் பெண்கள் நகரத்து வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வழிநெடுக, நான் படித்து வைத்திருந்ததை மனத்தில் அடுக்கிக்கொண்டு வந்தேன். ஆன்டிபயாடிக் தேர்வில் கணினியைத் துணைக்கழைக்கும் எண்ணத்துக்கு ஐம்பது வயதாகிறது. 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய நிரலுக்கு மைசின் என்று பெயர், மருந்துப் பெயர்களின் வால் எழுத்துகளிலிருந்து எடுத்தது. ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்ற நூற்றுக்கணக்கான விதிகளை அடுக்கி, டாக்டரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, மருந்தும் அளவும் சொல்லும். 1979-ல் மூளைக்காய்ச்சல் நோயாளிகள் பத்துப் பேருக்கு அது எழுதியதையும் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் எழுதியதையும், யார் எழுதியது என்று தெரியாமல் மறைத்து, நிபுணர்களிடம் கொடுத்தார்கள். மைசினுக்கு 65 சதவீதம் ஒப்புதல். மருத்துவர்களுக்கு 42.5 முதல் 62.5 வரை. அப்படியும் அது எந்த வார்டிலும் பயன்பாட்டுக்கு வரவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் தனியாக ஒரு முனையத்தின் முன் போய் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு யாருக்கு நேரம்?

அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ மாநிலங்களின் சிற்றூர்களில் நடந்து 2005-ல் வெளியான சோதனை இந்தத் தப்பைத் திருத்திக்கொண்டது. பன்னிரண்டு ஊர்ப்பகுதிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் மக்களிடம் பிரசாரம் மட்டும். மறு பாதியில் பிரசாரத்தோடு, சளி, இருமல், தொண்டை வலிக்கு முடிவெடுக்கத் துணையும். துணை என்றால் பெரிய கணினி இல்லை. கையடக்கக் கருவி, அதுவும் வேண்டாமென்றால் காகிதப் படிவம். துணை இருந்த ஊர்களில் ஆண்டுக்கு நூறு பேருக்கு 84.1 என்றிருந்த ஆன்டிபயாடிக் சீட்டு 75.3-க்கு இறங்கியது. பிரசாரம் மட்டும் நடந்த ஊர்களில் 84.3 என்பது 85.2 ஆயிற்று. தான்சானியாவின் 40 ஆரம்ப சுகாதார மையங்களில் நடந்த பின்னாளைய சோதனை இன்னும் தெளிவானது. டேப்லட்டில் கேள்விகள் வரிசையாக வரும், ஊழியர் அதன்படி குழந்தையைச் சோதிப்பார். வழக்கம்போல் பார்த்த மையங்களில் நோயுற்ற குழந்தைகளில் 70.1 சதவீதத்துக்கு ஆன்டிபயாடிக். டேப்லட் இருந்த மையங்களில் 23.2. ஏழாம் நாள் பார்த்தபோது, குணமாகாத குழந்தைகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு.

வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் செய்யுமா என்பதுதான் என் கவலை.

*

கேனிங். 1860-களில் கல்கத்தாவுக்குப் போட்டியாக ஒரு துறைமுகம் கட்டுகிறோம் என்று ஆங்கிலேயர் இறங்கிய இடம். புயலைப் பற்றி எழுதிய, ‘சைக்ளோன்’ என்ற சொல்லையே உண்டாக்கிய ஹென்றி பிடிங்டன், இந்த மாத்லா ஆற்றங்கரை வேண்டாம், நீர் ஏறி அடிக்கும் என்று 1853-லேயே எச்சரித்திருந்தார். கேட்கவில்லை. 1867 புயலோடு துறைமுகக் கனவு முடிந்தது. பெயர் மட்டும் ஊருக்கும், நகரத்து மருந்துத் தெருவுக்கும் தங்கிவிட்டது.

கேனிங்கிலிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு படகு. படகுத்துறைக்கு மேலே தம்பி காத்திருந்தான். துறையை ஒட்டி ஒரு மருந்துக் கடை, உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு திரைச்சீலை. இங்கே ‘ஹாதுரே டாக்தார்’ என்று சொல்லும் பட்டம் பெறாத வைத்தியர். ஊர்க்காரர்கள் அவரை முகத்துக்கு நேரே டாக்தார்பாபு என்றுதான் அழைக்கிறார்கள். அவர் ஒரு பெண்ணுக்குக் கத்தரியால் அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுத்தார். மருந்தின் பெயர் இருந்த பக்கம் அவர் கையிலேயே தங்கியது. சிவப்புக் கோடு பாதி அங்கே, பாதி இங்கே. கேனிங் தெருவில் எனக்கு எழுந்த கேள்விக்குப் பதில் கிடைத்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவர் அவர்தான். காசு பிறகு கொடுத்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. மேற்கு வங்கத்தின் லிவர் ஃபவுண்டேஷன் பீர்பூமில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒன்பது மாதம் பயிற்சி கொடுத்தது. அதன் பலனை, அந்த அமைப்பின் அபிஜித் சௌத்ரி, ஜிஷ்ணு தாஸ், ரேஷ்மான் ஹுசாம், பிறகு நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி ஆகியோர் அளந்து 2016-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். நோயைச் சரியாகக் கையாள்வது கூடியது. தேவையில்லாத மருந்து கொடுப்பது குறையவில்லை. அறிவு ஏறியது, கை மாறவில்லை. ஏன் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் புரிகிறது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமும் வராது, பிழைப்பும் விடாது.

உள்ளே தள்ளி இருந்தது ‘கிராமீன் ஹாஸ்பிடல்’. மேற்கு வங்கத்தில் அது பேச்சு வழக்கு மட்டுமில்லை, அரசு வகுத்த மருத்துவமனைப் படிநிலை ஒன்றின் பெயரே அதுதான். இந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை, நோயாளிகளுக்காக. இளம் டாக்டர் ஒருவர், முப்பது வயதுகூட இருக்காது, வெளிநோயாளிப் பிரிவில் தனியாளாக உட்கார்ந்திருந்தார். வரிசை வாசலைத் தாண்டி மரத்தடி வரை.

பாபாவின் முறை வந்தது. டாக்டர் கோப்பைப் பார்த்தார், காசநோய் மருந்துக்குப் பதிவு செய்தார், எடை பார்த்தார். பிறகு ஐந்து பழைய சீட்டுகளையும் மேசையில் சீட்டுக்கட்டுபோலப் பரப்பி, என்னிடம் மூன்றாவதைத் தொட்டுக் காட்டினார். “இந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல் என்றால் சளியைச் சோதி. இது பெரிய ஞானம் இல்லை, எல்லாச் சுகாதார மையச் சுவரிலும் எழுதியிருக்கிறது. ஆனால் மூன்றாவது சீட்டை எழுதியவருக்கு முதல் இரண்டும் தெரியாது.”

ஒரு கணினிக்குக் கொடுக்க வேண்டிய முதல் வேலை எனக்கு அங்கே தெரிந்தது. அது டாக்டரைவிடப் புத்திசாலியாக இருக்கவேண்டிய அவசியமில்லை. டாக்டர் மறப்பதை, டாக்டருக்குத் தெரிய வழியில்லாததை, அது நினைவில் வைத்திருந்தால் போதும். இந்த மனிதர் இதுவரை என்ன சாப்பிட்டார்? அந்த ஒரு கேள்வி திரையில் முதலில் வந்திருந்தால், பாபா கோரமண்டல் ஏறவேண்டி வந்திருக்காது.

பெயர் வெட்டப்பட்ட மாத்திரைக்கு என்ன செய்வது? டாக்டர் மேசைக்கடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அந்தப் பக்கம் அதிகம் புழங்கும் ஆன்டிபயாடிக் அட்டைகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். “எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட விரலை வைத்து, இது என்று காட்டிவிடுவார்.” அவர் கைப்பேசியில் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த ‘அவேர்’ ஆன்டிபயாடிக் நூலின் செயலி இருந்தது. மருந்துகளை முதலில் கொடுக்கத்தக்கவை, கவனத்தோடு கொடுக்கவேண்டியவை, கடைசிக்கென்று காக்கவேண்டியவை என்று மூன்றாகப் பிரித்திருப்பது. நோயைத் தொட்டால் மருந்து, அளவு, நாள் எல்லாம் வரும். பல நோய்களுக்கு, ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று வரும். பாபாவின் ஐந்து சீட்டிலும் இரண்டாம் வகை மருந்து இருந்தது. முதல் வகையை மட்டும் எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லை.

2021 முதல் ‘ஸ்வாஸ்த்ய இங்கித்’ என்ற அரசுத் தொலைமருத்துவம் துணை மையங்களை டாக்டர்களோடு காணொளியில் இணைக்கிறது. கம்பி போட்டாகிவிட்டது, திரையும் வந்துவிட்டது. அந்தத் திரையில் இந்த வட்டாரத்துக் கிருமிகளின் பட்டியலையும், நோயாளியின் பழைய சீட்டுகளையும், சரியான கேள்விகளையும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாக்கி. பேலியாகாட்டாவின் அறிவு இங்கே வருவதற்குப் பாதை இருக்கிறது. மருந்துப் பெட்டி ஒரே நாளில் வரும் பாதையில் அதுவும் வரட்டும்.

*

பிற்பகலில், வரிசையின் கடைசிப் பகுதியில், இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு தாய். மூக்கொழுகல், இருமல், லேசான காய்ச்சல். டாக்டர் குழந்தையின் சட்டையை உயர்த்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். வரிசை அவ்வளவு நேரம் காத்தது. 34. ஒரு வயதுக்கு மேல் ஐந்துக்குள் என்றால் நாற்பதைத் தொட்டால்தான் நிமோனியா பயம். விலா உள்வாங்கவில்லை. பால் குடிக்கிறது.

ஆன்டிபயாடிக் வேண்டாம். செயலியும் அதைத்தான் சொன்னது. ஆனால் டாக்டரின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. நான் ஏன் என்று பார்த்தேன்.

“இந்த அம்மா எங்கிருந்து வருகிறார் தெரியுமா? ஒரு ஆறு, ஒரு வேன் வண்டி, மறுபடி ஒரு ஆறு. ராத்திரி குழந்தைக்கு மூச்சு வாங்கினால் படகு கிடையாது. நான் தப்பாக எண்ணியிருந்தால்? பக்கத்து நகரத்து டாக்டர், நாளைக்கு வா என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்த ‘நாளைக்கு’ இல்லை. நாங்கள் தேவையில்லாமல் எழுதுகிற ஆன்டிபயாடிக்கில் பாதி நோய்க்கு எழுதுவதில்லை, இந்த ஆற்றுக்கு எழுதுகிறோம்.”

இந்த வாக்கியத்துக்காகவே நான் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும். நான் படித்தறிந்த கணினித் துணைகள் அறிகுறியைக் கேட்கின்றன, எடையைக் கேட்கின்றன, ஒவ்வாமை உண்டா என்று கேட்கின்றன. ‘இவர் மறுபடி வர முடியுமா, எப்போது, எதில்?’ என்று கேட்பதாக நான் படித்ததில்லை. கிராமத்து மருத்துவமனைக்கென்று செய்கிற துணையில் அந்தக் கேள்வி இருந்தாக வேண்டும். வர முடியும் என்றால் பொறுக்கலாம். முடியாது என்றால் இரண்டாம் நாள் ‘ஆஷா’ என்ற கிராமத்துச் சுகாதார ஊழியர் வீட்டுக்குப் போய் மூச்சை எண்ண வேண்டும் என்று அதே திரை அவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். மஹலனாபிஸின் பொட்டலம் தாயின் கையில் ஒரு பொருளைக் கொடுத்தது. ஆன்டிபயாடிக் வேண்டாம் என்ற முடிவு கையில் ஒன்றையும் கொடுப்பதில்லை. அதற்கு ஈடாக, திரும்பி வருவதற்கான ஒரு நாளும் வழியுமாவது கொடுத்தாக வேண்டும். பீர்பூமில் கை மாறாததற்கு மருந்தும் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

டாக்டர் பேனாவை இறக்கினார். பாரசிட்டமால், எடைக்கேற்ற அளவு. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு. தாய்ப்பால் நிறுத்தாதே. பிறகு மூச்சு வாங்கினால், பால் மறுத்தால் என்று நடித்துக் காட்டினார், விலா எப்படி உள்வாங்கும் என்று தன் சட்டையைப் பிடித்துக் காட்டினார். நர்ஸ் அக்கா சீட்டை வாங்கி, மூலையில் வங்காளத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அந்தத் தாய்க்கு இன்னும் ஒரு மாத்திரை வேண்டும்போல் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மாலை கடைசிப் படகில் அவரும் ஏறினார். வெயில் தாழ்ந்து ஆறு செம்மண் நிறமாகியிருந்தது. வற்றும் நேரம், சேற்றில் நண்டுகள் ஓடின. குழந்தை மடியில் தூங்கிவிட்டது. நடு ஆற்றில் அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சீட்டை எடுத்து, படகுக்காரரிடம் நீட்டினார். அவர் துடுப்புக் கட்டையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். தம்பி என் காதோரம் தமிழில் சொன்னான்:

“சனிக்கிழமை, காலை எட்டு மணிப் படகு. ராத்திரி கஷ்டம்னா ஆஷா தீதி வீடு.”

படகுக்காரர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் ஏதோ சொன்னார். அதையும் தம்பியே சொன்னான். “நீ வர்ற வரைக்கும் சனிக்கிழமை படகு எடுக்கமாட்டேன்னு சொல்றார், அண்ணா.”

அந்த அம்மா சீட்டை நாலாக மடித்து, முந்தானையில் மறுபடி முடிந்துகொண்டார்.